ஜெராக்ஸில் விழாத பக்கங்கள்

புணேயை ஒட்டிய போசரியில் அந்தக் காலத்தில் வியாழக்கிழமை கரண்ட் இருக்காது. இருக்கிற மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக, வட்டாரத்துக்கு ஒரு நாள் என்று தொழிற்சாலைகளுக்கு விடுமுறை வைத்திருந்தார்கள். பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரிக்கு வாய்த்தது வியாழன். ஊர் சினிமாவுக்குப் போகிற ஞாயிறன்று நாங்கள் வேலைக்குப் போவோம். நாங்கள் வீட்டில் இருக்கிற வியாழனன்று பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்காது. லிஸ்ப் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுகிறவனுக்கு அது ரொம்ப வசதி. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கக்கிய தாளை ராஸ்தா பேட் அறையின் தரையில் நீளமாக விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு அடைப்புக்குறிகளை எண்ணலாம். திறக்கிற குறிக்கு நீலப் பென்சில், மூடுகிற குறிக்குச் சிவப்பு. என்னோடு தங்கியிருந்த வங்கி ஊழியர், நான் ஏதோ கிரக தோஷத்துக்குப் பரிகாரம் செய்கிறேன் என்றே கடைசிவரை நம்பினார்.

இன்று அந்த எண்ணிக்கையை எடிட்டர் பார்த்துக்கொள்கிறது. ஜோடிக்கு ஜோடி வண்ணம் போட்டுக் காட்டுகிறது. கரண்டும் எல்லா நாளும் இருக்கிறது. வியாழன் விடுமுறை மட்டும் பல பட்டறைகளில் அப்படியே தொடர்கிறது. ஏன் என்று கேட்டால் இளைஞர்கள், சாயிபாபாவுக்கு உகந்த நாள் என்கிறார்கள்.

1989-இல் நான் சேர்ந்தது பிரஸ் டூல் செய்யும் ஒரு பட்டறையில். டெல்கோவுக்கும் பஜாஜுக்கும் தகட்டுப் பாகம் அடித்துக் கொடுக்கிறவர்களுக்கு நாங்கள் டை செய்து கொடுப்போம். வாகனத் தொழிலில் எங்களுக்குக் கீழே இன்னொரு படி இருந்ததாக ஞாபகம் இல்லை. கோயம்புத்தூர் டிப்ளமோவும் டிராயிங் போர்டு பழக்கமுமாக வந்தவனை, செருப்பைக் கழற்றச் சொல்லி ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். பட்டறையில் ஏசி இருந்த ஒரே அறை. உள்ளே ஒரு 286 கம்ப்யூட்டர், கணக்குப் போட அதன் பக்கத்தில் 80287 என்று ஒரு துணைச் சில்லு, எழுத்துக்கு ஒரு திரை, படத்துக்கு ஒரு திரை. அதில், வரைபடம் போடுகிற ஆட்டோகேட். அந்த ஆட்டோகேட்டுக்குள் ஒரு லிஸ்ப், பெயர் ஆட்டோலிஸ்ப்.

லிஸ்ப் என்றால் படித்தவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வரும். 1958-இல் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி தொடங்கியது, செயற்கை நுண்ணறிவுக்காரர்களின் தாய்மொழி, இத்யாதி. புணேக்கும் அந்த மேல்மாடியோடு தொடர்பு உண்டு. மனித மொழியின் வாக்கியங்களைச் சிறு மரங்களாக ஒட்டிக் கட்டுகிற இலக்கணத்தை வகுத்த அரவிந்த் ஜோஷி இந்த ஊர்க்காரர். 1929-இல் பிறந்து, 1950-இல் இங்கேயே பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்கா போனவர். அந்த இலக்கணத்தை வைத்துப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அவர் குழு கட்டிய எக்ஸ்டேக், காமன் லிஸ்பில் எழுதப்பட்டது. அதே இலக்கணத்தை வைத்து மொழிபெயர்ப்பு இயந்திரம் செய்த சி-டாக், புணே பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தது. 1991-இல் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பத்திரிகைகளின் முதல் பக்கத்தைப் பிடித்ததும் அதுதான். நாங்கள் அங்கிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில், பட்டறைப் பக்கம் வந்துவிட்ட லிஸ்பை வைத்து நட்டு போல்ட்டு வரைந்துகொண்டிருந்தோம்.

ஆட்டோலிஸ்பின் ஜாதகமே கொஞ்சம் மர்மம். டேவிட் பெட்ஸ் என்பவர் எழுதிப் பொதுவில் விட்ட எக்ஸ்லிஸ்பிலிருந்து கிளைத்தது. 1985-இல் ஆட்டோகேட் 2.1-இல் அது நுழைந்தபோது, மேனுவலில் அதன் பெயர் லிஸ்ப் அல்ல. ‘மாறிகளும் கோவைகளும்’ என்கிற பொருளில் ஏதோ அடக்கமான தலைப்பு. ஜனவரி 1986-இல் 2.18 வந்தபோதுதான் முழு லிஸ்ப் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கு ஈராண்டு முன்னால், 1984-இல், சண்டை போட்டுக்கொண்டிருந்த லிஸ்ப் கிளைமொழிகளையெல்லாம் ஒரே கூரைக்குள் கொண்டுவருகிறோம் என்று கய் ஸ்டீல் தடிமனாகக் காமன் லிஸ்ப் புத்தகம் போட்டிருந்தார். ஆட்டோலிஸ்ப் அந்தக் கூரைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. எல்லாக் கிளைகளிலும் பொதுவாக மிஞ்சியவற்றில் பட்டியலின் தலையை எடுக்கும் ‘கார்’, மிச்சத்தை எடுக்கும் ‘குடர்’ இரண்டும் பிரசித்தம். ஐபிஎம் 704 என்ற இயந்திரத்தில் ஒரு சொல்லின் எந்தப் பகுதியில் எது இருந்தது என்பதைக் குறித்த பெயர்கள் அவை. அந்த இயந்திரம் காட்சிசாலைக்குப் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது.

மேனுவல் விஷயத்துக்கு வருகிறேன். அசல் மேனுவல் ஒன்றே ஒன்று, முதலாளியின் ஸ்டீல் பீரோவில், மென்பொருளைவிடப் பத்திரமாக இருந்தது. எங்களுக்கு வந்தது ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ். ஜெராக்ஸ் கடைக்காரர் நேர்மையானவர். கொடுத்த காசுக்கு வலது பக்கங்களை எல்லாம் சுத்தமாக எடுத்திருந்தார். இடது பக்கங்களுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும் என்பது அனுப்பியவருக்குத் தோன்றவில்லை. அதன் பலனாக, உலகத்துக்கெல்லாம் மேனுவலில் இல்லாத ஃபங்ஷன்கள் கொஞ்சம் என்றால், போசரியில் அது சரிபாதி. ‘கெட்-கேவேர்ட்’ என்ற ஃபங்ஷன், பயனர் தட்டும் சொல்லை வாங்கித் தரும் என்று ஜெராக்ஸில் இருந்தது. எந்தச் சொற்களை வாங்கலாம் என்று முன்கூட்டிச் சொல்லிவைக்கிற ‘இனிட்கெட்’ விழாத பக்கத்தில் இருந்தது. முன்னதை மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டை முதலாளி ‘ஆராய்ச்சி’ என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டார்.

விழாத பக்கங்களைக் கண்டுபிடிக்க வழி இருந்தது. ஆச்சரியக்குறி போட்டு ‘ஆட்டம்லிஸ்ட்’ என்று தட்டினால், லிஸ்ப் தனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் திரை திரையாகக் கொட்டும். ஒவ்வொரு பெயராக எடுத்து, முதலில் ஒன்றுமே கொடுக்காமல், பிறகு ஓர் எண், ஓர் எழுத்துச்சரம், ஒரு பட்டியல் என்று கொடுத்துப் பார்ப்போம். திட்டும். திட்டுகிற தோரணையிலிருந்து அது என்ன எதிர்பார்க்கிறது என்று ஊகிக்க வேண்டும். புணேயில் வீட்டு வாசல் பலகைகள் ஊர் ஊராகப் பேர்போனவை: அழைப்புமணியை ஒரு தடவை அடித்தால் போதும், வீட்டில் இருப்பவர்கள் செவிடர்கள் அல்ல என்கிற வகை. ஆட்டோலிஸ்பின் பிழைச்செய்திகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவைதான். தவறான வகை. அவ்வளவு. எந்த வரியில், எதனால் என்று மேற்கொண்டு கேட்டால் கதவு திறக்காது. அப்படிச் செய்தியைப் படித்துப் படித்துக் கண்டுபிடித்த ஒரு ஃபங்ஷன் கையில் இருந்தால், பக்கத்துப் பட்டறைக்காரன் தானே வந்து அம்ருத்துல்யா டீக்கடையில் டீயும் பட்டர் பன்னும் வாங்கிக் கொடுப்பான். அந்தப் பரிமாற்றத்தில் எங்கள் பக்கம் சிலருக்கு உடம்பே போட்டது. ஆட்டோகேட் 11-ஆம் வெளியீட்டில் ஆட்டம்லிஸ்டை எடுத்துவிட்டு ‘ஆட்டம்ஸ்-ஃபேமிலி’ என்று ஒரு ஃபங்ஷனை வைத்து, அதை மேனுவலிலும் போட்டபோது, எங்களுக்கு ஏற்பட்டது நன்றியுணர்ச்சி அல்ல.

நினைவகம் இன்னொரு கதை. அன்றைய டாஸ் ஆட்டோகேட்டில் லிஸ்ப்ஹீப், லிஸ்ப்ஸ்டாக் என்ற இரண்டும் சேர்ந்து 45,000 பைட்டைத் தாண்டக் கூடாது. இன்று ஒரு கல்யாணப் பத்திரிகையின் படம் வாட்ஸ்ஆப்பில் அதைவிடப் பெரிதாக வருகிறது. இடம் பற்றாமல் போனால், புரோகிராமின் தலையில் ‘வீமான்’ என்று ஒரு வரி போட வேண்டும். அது அப்போது வேண்டாத ஃபங்ஷன்களைத் டிஸ்குக்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது திரும்ப அழைத்துக்கொள்ளும். எல்லாரும் போட்டார்கள், தேவை இருந்ததோ இல்லையோ. பிள்ளையார் சுழி போடாமல் யார் கடிதம் ஆரம்பிப்பார்கள்?

எங்கள் புரோகிராம்களில் பெரும்பகுதியை எழுதியவர் ஒரு மராட்டியர். எங்களுக்குக் காகா. அவருக்கு நான் அண்ணா. தென்னிந்தியன் எவனாக இருந்தாலும் அங்கே அண்ணாதான், வயது கணக்கில்லை. காகா மேனுவலைத் தொட்டதில்லை. எதிர்காலத்துக்கு ஒரு மேனுவலை விட்டுப்போவதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு பெயருக்கு நாலு எழுத்துக்கு மேல் செலவழிப்பது நினைவகத்துக்குச் செய்கிற துரோகம் என்பார். 45,000 பைட்டில் அதை மறுக்கவும் முடியாது. ‘போக்’ என்று ஒன்று, ‘காச்’ என்று ஒன்று, அப்புறம் ‘ஜி1’ முதல் ‘ஜி9’ வரை, நடுவில் ‘ஜி6’ மட்டும் கிடையாது. தட்டின் நீளத்தை வைக்கிற மாறிக்கு ஆங்கிலத்தில் நீளம் என்றே, ‘லெங்த்’ என்று பெயர் வைத்தார். ஆட்டோலிஸ்பில் மாறிக்கும் ஃபங்ஷனுக்கும் தனித்தனிப் பெயர்ப்பட்டியல் கிடையாது. ‘லெங்த்’ என்பது பட்டியலின் உருப்படிகளை எண்ணும் ஃபங்ஷன். தட்டு வரைந்து முடித்ததும் அந்த ஃபங்ஷன் செத்துவிடும். அடுத்து உருப்படிப் பட்டியல் போடும் புரோகிராமை ஓட்டினால், அது எண்ணத் தெரியாமல் விழிக்கும். வரைபடத்தை மூடித் திறந்தால் சரியாகிவிடும். ஆகவே தட்டு வரைந்ததும் மூடித் திறக்க வேண்டும் என்பது பட்டறை சாஸ்திரமாயிற்று. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கப்பட்டது. காரணம் சேர்த்துச் சொல்லப்படவில்லை.

இப்போதைய கதை. 2016 ஜனவரியோடு ஆட்டோகேட்டை ஒரே தடவை காசு கொடுத்து நிரந்தரமாக வாங்குவது நின்றுபோனது. அதன் பிறகு சந்தாதான், ஆண்டுக்கு ஆண்டு. மகன் முதலாளி எம்பிஏ. வாடகைக்கு வீடு எடுக்கலாம், கோட்டுக்கும் வட்டத்துக்கும் வாடகையா என்று கேட்டார், நியாயமான கேள்வி. சந்தையில் ஆட்டோகேட் மாதிரியே வரைகிற குளோன்கள் இருந்தன: இன்டெல்லிகேட் குடும்பம், பெல்ஜியத்தின் பிரிக்ஸ்கேட், சீனாவின் இசட்டபிள்யூகேட், ஜிஸ்டார்கேட். எல்லாமே லிஸ்ப் ஓடும் என்கின்றன. பொய் இல்லை, ஓடும். எங்கள் வீட்டுக்கு வந்த குளோனின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அனுதாபம்தான். அதனிடம் கேட்டது, ஆட்டோகேட்டின் மேனுவலில் உள்ளதை மட்டுமல்ல, இல்லாததையும் பின்பற்ற வேண்டும் என்று.

ஓய்வு பெற்றுக் கோத்ருடில் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு, விருதுநகர்ப் பையன் ஒருவனையும் துணைக்குக் கொடுத்தார்கள். கெட்டிக்காரன். இரண்டு பேரும் முதலில் செய்தது பழைய ஆட்டம்ஸ்-ஃபேமிலி வேலையைத்தான்: இங்கே தெரிந்த பெயர்கள், அங்கே தெரிந்த பெயர்கள், இரண்டையும் கழித்தால் மிச்சம். அந்த மிச்சத்தில் ‘ஏசெட்’ என்று தொடங்குபவை நிறைய. ஆட்டோகேட்டோடு வரும் எக்ஸ்பிரஸ் டூல்ஸின் உள்வேலைக்காக எழுதப்பட்டவை அவை. வெளியாருக்கு விளக்கம் கொடுக்காமலே வெளியே கிடந்தன. கிடப்பதை எடுத்துப் புழங்காத ஊர் எது? 2000-க்குப் பிறகு வந்த எங்கள் புரோகிராமர்கள் தாராளமாகப் புழங்கியிருந்தார்கள். சில இடங்களில் மூல நிரலே இல்லை. ஆட்டோகேட் 2000-இல் இருந்து விஷுவல் லிஸ்ப் தொகுத்துக் கொடுத்த ஃபாஸ் கோப்பு மட்டும் இருந்தது. அதைக் குளோன் ஏறெடுத்தும் பார்க்காது. அதற்கும் முன்னால் வெளியில் வாங்கிய பற்சக்கரப் புரோகிராம் ஒன்று கெல்வினேட்டரில் போட்டு எடுக்கப்பட்டது. குளிர்சாதனப் பெட்டி அல்ல. பெயர்களையெல்லாம் உருத்தெரியாமல் மாற்றி, யாரும் படித்துத் திருட முடியாதபடி செய்யும் ஆட்டோகேட் கம்பெனியான ஆட்டோடெஸ்க்கின் கருவி. படித்துப் பார்த்தோம். காகா எழுதியதைவிடத் தெளிவாகவே இருந்தது.

பெயர் இல்லாத ஃபங்ஷன் உடனே சத்தம் போட்டுவிடும், அதை எழுதிக்கொள்ளலாம். ஆபத்து, பெயர் இருந்து நடத்தை கொஞ்சம் மாறிய ஃபங்ஷனில். ‘கமாண்ட்’ என்பது மனிதன் கீபோர்டில் தட்டுவதை அப்படியே நடித்துக் காட்டுவது: கேள்வி வரும், பதில் போகும். குளோன் ஒரு கேள்வியை முன்பின்னாகக் கேட்டால், விட்டத்துக்குச் சொன்ன பதில் கோணத்தில் போய் உட்காரும். பிழைச்செய்தி வராது. அழகான படம் வரும். 12 மில்லிமீட்டர் ஓட்டை 12 டிகிரி சாய்ந்திருப்பதைத் திரையில் கண்டுபிடிக்காவிட்டால், அப்புறம் எஃகில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பையன் ஒரு நாள் உற்சாகமாக வந்தான்.

“சார், போக்னா என்னன்னு கண்டுபிடிச்சிட்டேன். ஏஐகிட்ட கேட்டேன். ஆட்டோடெஸ்க்கோட உள் ஃபங்ஷனாம், வெளிய சொல்லாம வெச்சிருக்காங்களாம். மூணு ஆர்க்யுமென்ட்டாம். உதாரணம்கூடக் குடுத்திருக்கு, பாருங்க.”

“இங்க எத்தனை வருஷமா இருக்க?”

“ரெண்டு வருஷம் ஆச்சு சார்.”

“போக்னா மராத்தில ஓட்டைப்பா. காச்னா வெட்டு. காகா எழுதினது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்ப அந்த மூணு ஆர்க்யுமென்ட்?” என்றான்.

அந்த உதாரணத்தை நான் வாங்கிப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமான ஆவணம். நோக்கம், உள்ளீடு, வெளியீடு, எச்சரிக்கைக் குறிப்பு, எந்தப் பதிப்பிலிருந்து கிடைக்கும் என்பது வரை இருந்தது. ஏசெட் ஃபங்ஷன்களைப் பற்றிக் கேட்டதற்கும் அதே தரத்தில் பதில் கொடுத்திருந்தது. அவற்றில் பாதி எந்த ஆட்டோகேட்டிலும் கிடையாது. எங்கள் காலத்தில் ஃபங்ஷன் இருக்கும், பக்கம் இருக்காது. இப்போது பக்கம் அச்சடித்த மாதிரி இருக்கிறது, ஃபங்ஷன்தான் இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் இந்த இடது பக்கங்களைப் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

காகாவைப் பிடித்தோம். ஔந்தில் மகள் வீட்டில் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். ஸ்பீக்கரில் போட்டு, ‘ஜி4’ என்ன செய்யும் என்று கேட்டேன்.

“அரே அண்ணா, எந்த ஜி4? பழையதா, மாற்றி எழுதியதா?”

இரண்டு இருந்தது அன்றுதான் தெரிந்தது. ‘ஜி6’ ஏன் இல்லை என்று பையன் குறுக்கே கேட்டான். அந்தக் கேள்வியை அவர் ரசிக்கவில்லை. ஆனாலும், தான் வரைந்த ஒரு டையைச் சொல்லி, அதன் வழிகாட்டித் தூண் எந்தப் பக்கம் இருந்தது, ஏன் ஒரு தூண் மட்டும் மற்றவற்றைவிடக் குறைந்த விட்டம், டையை எவனாவது திருப்பி மாட்டிவிடாமல் இருக்க அது எப்படி உதவும் என்று அரை மணி நேரம் பேசினார். பையன் எழுதிக்கொண்டான். நிரலில் விளங்காமல் கிடந்த இடங்கள் அதில் பாதி தெளிந்துவிட்டன. மிச்சப் பாதிக்கு அவர் இன்னொரு நாள் போன் செய்யச் சொன்னார், மதியம் மட்டும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு. புணேயில் மதியத் தூக்கம் அரசியல் சாசனத்துக்கு ஒரு படி மேல்.

மகன் முதலாளி எங்களிடம் கண்டிப்பாகக் கேட்டது ஒன்றுதான்: பச்சைப் பட்டை. ஏசெட் ஃபங்ஷன் ஒன்று, வேலை எவ்வளவு முடிந்தது என்று அடியில் ஒரு பட்டையை நகர்த்திக் காட்டும். அவர் சிறுவனாக இருந்தபோது அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்ததாம். நிறம் பச்சைதான் என்று அவர் அடித்துச் சொன்னதால் நானும் பச்சை என்கிறேன். குளோனில் அது இல்லை, நாங்களே எழுதினோம். சிக்கல் என்னவென்றால், அன்று நிமிஷக்கணக்கில் ஓடிய வேலை இப்போது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. பட்டை தலைகாட்டக்கூட நேரம் இல்லை. பையன் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு சின்னத் தாமதத்தைச் சேர்த்தான். முதலாளிக்குப் பரம திருப்தி. பழைய புரோகிராமைவிடத் திடமாக ஓடுகிறது என்றார்.

இதற்கிடையில், 1993-இலிருந்து லிஸ்ப் இல்லாமலே விற்ற மலிவுப் பதிப்பான ஆட்டோகேட் எல்டி-க்கு, 2024 பதிப்பில் லிஸ்ப் வந்துவிட்டது. சில ஃபங்ஷன்கள் கிடையாது என்ற அடிக்குறிப்போடுதான். இந்தச் செய்தியை முதலாளியிடம் யார் சொல்வது என்பதில் எனக்கும் பையனுக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது: நாங்கள் இருவரும் சொல்லப் போவதில்லை.

கடைசியாக மிஞ்சியது வீமான். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அது உட்கார்ந்திருந்தது. ஆட்டோகேட்டே அதை எப்போதோ வெறும் பொம்மையாக்கிவிட்டது. கூப்பிட்டால் தலையாட்டும், வேறொன்றும் செய்யாது. எங்கள் குளோனுக்கு அந்தப் பெயரே தெரியாது. முதல் வரியிலேயே, அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை என்று நின்றுவிட்டது. அழித்துவிடவா என்று பையன் கேட்டான். அழிக்க முடியாது. சாகன் கிளையில் பழைய நிரந்தர உரிமத்தில் அதே கோப்புகள் ஓடுகின்றன. மூலத்தில் ஒரு வரிகூட மாறக் கூடாது என்பது ஒப்பந்தம். ஆகவே குளோனுக்கென்று ஒரு தனிக் கோப்பு வைத்து, அதில் வீமான் என்ற பெயரில் புதிதாக ஒரு ஃபங்ஷன் எழுதினோம். உள்ளே ஒன்றும் இல்லை. பையன் பொறுப்பானவன், அதன் மேல் அரைப்புள்ளிகள் போட்டு அழகாகக் குறிப்பு எழுதினான்: நோக்கம், உள்ளீடு இல்லை, வெளியீடு ‘நில்’ (ஒன்றுமில்லை), எழுதிய தேதி, இந்த ஃபங்ஷன் ஒன்றும் செய்யாது, தயவுசெய்து அழிக்க வேண்டாம். காகாவின் காலத்திலிருந்து இன்றுவரை அந்தக் கோப்புகள் முழுவதிலும் விளக்கம் எழுதப்பட்டிருக்கிற ஒரே ஃபங்ஷன் அதுதான்.